தெரியவில்லை என்று சொன்ன டாக்டரம்மாவுக்கு

டாக்டரம்மா,

நேற்றுக் காலையில் சாரல் நன்றாக விழுந்துகொண்டிருந்தது. ஐந்தருவிப் பாதையில் ஒரு லாட்ஜில் தங்கியிருந்த கோயம்புத்தூர்க்காரர் படியில் வழுக்கிக் கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டார். எண்ணெய் தேய்த்துவிட என்னைக் கூப்பிட்டார்கள். நான் போய்ச் சேர்வதற்குள் அவருடைய மகள் பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து அவர் காலில் புஸ்ஸென்று அடித்துவிட்டாள். கணுக்கால்மேல் வெள்ளையாகப் பனி படிந்தது. தொட்டேன். விரல் சில்லிட்டது. எண்ணெய்க் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன்.

"என்ன தாத்தா, பயந்துட்டீங்களா? இது வெறும் ஸ்பிரேதான்" என்று அந்தப் பெண் சிரித்தாள்.

பயமில்லை. உங்கள் லேபில் சதையை உறைய வைக்கிற குளிர்பெட்டி ஞாபகம் வந்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். எழுத்து எனக்கு மெதுவாகத்தான் வருகிறது. உங்களுக்கோ இனி அவசரம் ஒன்றும் இல்லை. அதனால் விட்டுவிட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன். உட்காரும் ஒவ்வொரு தடவையும் சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

அந்தக் கட்டியை முதலில் கண்டுபிடித்தது என் விரல்தான். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. நாற்பது வருடமாகக் குற்றாலத்தில் அடுத்தவர் உடம்பைத் தடவிப் பிழைத்தவன் நான். எந்த முதுகில் எங்கே முடிச்சு இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஒருநாள் எனக்கு நானே எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தபோது, கழுத்தின் இடது பக்கம் சுண்டைக்காய் மாதிரி ஒன்று உருண்டது. எச்சில் விழுங்கினால் மேலே போய்விட்டுக் கீழே இறங்கியது. நான் என்ன செய்திருக்க வேண்டும்? தென்காசிக்கு பஸ் ஏறியிருக்க வேண்டும். செய்யவில்லை. நீர்க்கட்டிதான், தேய்த்தால் கரைந்துவிடும் என்று எண்ணெயைக் காய்ச்சிக் காலையும் மாலையும் அமுக்கினேன். நான்கு மாதம் அமுக்கினேன். சுண்டைக்காய் நெல்லிக்காய் ஆனது.

என் வீட்டுக்காரி இசக்கியை உங்களுக்குத் தெரியும். அவளும் பெண்கள் பக்கத்தில் எண்ணெய் தேய்க்கிறவள்தான். அவள்தான் கடைசியில் சத்தம் போட்டாள். "ஊருக்கெல்லாம் சுளுக்கு எடுக்குதிய, ஒங்க கழுத்துல ஒரு காய் காச்சுத் தொங்குது. நீங்க எந்திரிக்கியளா, இல்ல நான் கழுத்தப் பிடிச்சு இழுத்துட்டுப் போகவா?"

அப்படித்தான் தென்காசிக்கு வந்தேன். ஊசி குத்திச் சாறு எடுத்துப் பார்த்தார்கள். புற்றாகவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்று முடிவு வந்தது. ஆபரேஷன் செய்கிற பெரிய டாக்டர் நல்ல மனிதர். ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். கழுத்தில் பட்டாம்பூச்சி மாதிரி ஒரு சுரப்பி, அதற்குத் தைராய்டு என்று பெயர் என்றார். எனக்குள் பட்டாம்பூச்சியா என்று இசக்கி பக்கம் திரும்பிப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை.

"பக்கத்துக்கு ஒண்ணா ரெண்டு நரம்பு இதை ஒட்டி ஓடுது. ஒங்க குரலே அதுலதான் இருக்கு. ஒரு பாதியை மட்டும் எடுத்தா ஒரு நரம்புப் பக்கம்தான் போவோம். புற்றுன்னு தெரிஞ்சா முழுசும் எடுக்க வேண்டி வரும். அப்போ ரெண்டு பக்கமும் போகணும். ஆயுசுக்கும் மாத்திரை போடணும். நரம்புல படாமத்தான் செய்வோம். ஆனா ஆபத்தே இல்லைன்னு என்னால சொல்ல முடியாது" என்றார்.

பாதியா முழுசா என்பது எப்போது தெரியும் என்று கேட்டேன். கழுத்தைத் திறந்த பிறகுதான் என்றார். கட்டியை எடுத்துக் கீழே லேபுக்கு அனுப்புவார்களாம். அங்கே உடனே பார்த்துச் சொல்வார்களாம். அதுவரைக்கும் நான் கழுத்து திறந்தபடி தூங்கிக்கொண்டிருப்பேனாம். இரண்டுக்கும் சேர்த்து இப்போதே ஒரு கைநாட்டு வைக்க வேண்டுமாம்.

டாக்டரம்மா, குற்றாலத்தில் என் பிழைப்பே வாயில்தான் இருந்தது. பஸ்ஸை விட்டு இறங்குகிறவர்களைத் தூரத்திலிருந்தே பார்த்து, "அண்ணாச்சி, வாங்க, எண்ணெய் தேய்ச்சுட்டு அருவிக்குப் போங்க, பத்து வயசு குறைஞ்சிரும்" என்று ஒரு குரல் கொடுப்பேன். அருவி இரைச்சலை மீறி அது போய்ச் சேரும். அந்தக் குரல் போனால் எழுதிக் காட்டியாவது பிழைக்கலாம் என்றால், அன்றைக்கு எனக்கு ஓர் எழுத்தும் தெரியாது. எனக்கு வெளியே போக இருந்தது அந்த ஒரே கதவுதான்.

அதனால் கைநாட்டு வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். "கீழ இருந்து யாரு சொல்லுவா?" என்று கேட்டேன்.

"லேப்ல ஒரு டாக்டர் இருக்காங்க."

"அவங்கள நான் பாக்கணும்."

"அண்ணாச்சி, அவங்க நோயாளியப் பாக்க மாட்டாங்க. சதையத்தான் பாப்பாங்க."

"அப்போ சதைக்குச் சொந்தக்காரன் வந்திருக்கான்னு சொல்லுங்க" என்றேன்.

நர்ஸம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். பெரிய டாக்டருக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். அவரும் சிரித்துவிட்டுப் போனை எடுத்தார்.

நீங்கள் மாடி ஏறி வந்தீர்கள். மூச்சு வாங்கியது. குள்ளமான உருவம், சங்கிலியில் தொங்கும் கண்ணாடி, விரல் நுனியெல்லாம் நாவல் பழம் தின்ற மாதிரி கறை. கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்தே வைத்திருந்தீர்கள். என்னைப் பார்ப்பதற்கு முன்பே உங்கள் தோளை நான் பார்த்துவிட்டேன். தொழில் புத்தி.

"என்னைப் பாக்கணும்னு ஒரு நோயாளி கேட்டது இதுதான் முதல் தடவை. ஆளு மாறிப் போச்சோன்னு நெனச்சேன்" என்று சொல்லி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தீர்கள். கடையத்துக்காரி என்று நீங்கள் சொல்லாமலே பேச்சில் தெரிந்தது.

பிறகு என்னிடம் ஒரு கேள்வி கேட்டீர்கள். அதற்கு முன் எந்த டாக்டரும் அப்படிக் கேட்டதில்லை. "ஒங்க விரல் என்ன சொல்லுது அண்ணாச்சி?"

கல் மாதிரி இல்லை, ரப்பர் மாதிரியும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது, உருளுகிறது, ஓரம் வழவழப்பாக இருக்கிறது என்றேன். நான்கு மாதம் எண்ணெய் போட்டு அமுக்கியதையும் சொல்லிவிட்டேன். திட்டுவீர்கள் என்று நினைத்தேன். "நல்லவேளை, இன்னும் பலமா அமுக்கல" என்றீர்கள். "நானும் ஒங்களமாதிரிதான். எந்தச் சதை வந்தாலும் மொதல்ல விரலால தொட்டுத்தான் பாப்பேன். அப்புறம்தான் கத்தி, அப்புறம்தான் மைக்ராஸ்கோப்."

நான் நேராகக் கேட்டேன். "பாத்தா ஒங்களுக்குத் தெரிஞ்சிருமா?"

நீங்கள் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்தீர்கள். "சிலதுல பாத்த உடனே தெரியும். சிலதுல அந்த அரை மணிக்குள்ள தெரியாது. ஒங்களுது அந்த ரெண்டாவது ரகமாகவும் இருக்கலாம். தெரியலைன்னா தெரியலைன்னுதான் சொல்லுவேன்."

"தெரியலைன்னா என் கழுத்த என்ன செய்வீக?"

"அத நீங்கதான் சொல்லணும். ஒங்க கழுத்து. தெரியலைன்னா பாதியோட நிறுத்திரலாம். ஒரு வாரம் ஆர அமர முழுசாப் பாத்துச் சொல்லுதேன். ஆனா அப்போ மோசமான புற்றுன்னு வந்தா மறுபடியும் கழுத்தத் திறக்கணும். அந்தக் கஷ்டத்துக்கும் சம்மதமா?"

இசக்கியைப் பார்த்தேன். "என்னைப் பாக்காதிய, கழுத்து ஒங்களுது" என்றாள். சம்மதம் என்றேன். நீங்கள் அந்தத் தாளை வாங்கி முதல் வரியிலிருந்து கடைசி வரை எனக்கு வாசித்துக் காட்டினீர்கள். சந்தேகமாக இருந்தால் பாதியோடு நிறுத்த வேண்டும் என்று பெரிய டாக்டரை ஒரு வரி சேர்த்து எழுதச் சொன்னீர்கள். அதற்குக் கீழே கட்டைவிரலை வைத்தேன். மையைத் துடைக்கத் துணி தேடியபோது உங்கள் விரல்களை என் விரலுக்குப் பக்கத்தில் நீட்டி, "விடுங்க, ரெண்டு பேருக்கும் ஒரே கறைதான்" என்றீர்கள்.

ஆபரேஷன் அன்றைக்கு நடந்ததை எனக்குச் சொன்னது உங்கள் லேப் மாரியப்பன். சதை சீவுகிற வேலை அவனுடையது. டீக்கடையில் நின்று சொன்னான். நீங்கள் ஒருநாளும் சொல்லவில்லை.

கட்டி கீழே வந்ததும் நீங்கள் தொட்டுப் பார்த்தீர்களாம். "அண்ணாச்சி சொன்னது சரிதாம்லே, ஓரம் வழவழன்னு இருக்கு" என்றீர்களாம். ஒரு துண்டை வெட்டிக் குளிர்பெட்டியில் வைத்து உறைய வைத்தீர்கள். மாரியப்பன் சீவினான், சாயம் போட்டான், நீங்கள் மைக்ராஸ்கோப்பில் பார்த்தீர்கள். "இன்னொண்ணு சீவு" என்றீர்கள். பார்த்தீர்கள். "வேற பக்கத்துல ஒண்ணு சீவு." மேலேயிருந்து போன் வந்தது.

"மேடம், பாதியா முழுசா?"

"சொல்ல முடியல டாக்டர்."

"ஏதாவது ஒண்ணு சொல்லுங்க. புற்று மாதிரிதான் இருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், முழுசா எடுத்துருதேன். ரெண்டாவது தடவ திறக்கதுன்னா அதுவும் அந்த மனுசனுக்குத்தானே கஷ்டம்?"

அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. என்மேல் உள்ள அக்கறையில்தான் கேட்டார். அப்போது உங்கள் நெற்றியில் வேர்த்தது, குளிர்பெட்டிப் பக்கத்தில் நின்றுகொண்டு வேர்த்தது என்று மாரியப்பன் சொன்னான். நீங்கள் மூன்றாவது சீவலையும் ஒருமுறை பார்த்துவிட்டுப் போனில் சொன்னீர்களாம்: "எனக்குத் தெரியல. தெரிஞ்ச மாதிரி சொன்னா என் மானம் தப்பிச்சிரும், அவரு தொண்டை தப்பிக்குமான்னு தெரியாது. தாள்ல எழுதியிருக்கபடி பாதியோட நிறுத்திருங்க."

நான் கண் விழித்தபோது மத்தியானம். தொண்டையில் மணலை அள்ளிக் கொட்டிய மாதிரி இருந்தது. பெரிய டாக்டர் குனிந்து, "பேரச் சொல்லுங்க அண்ணாச்சி" என்றார். எனக்குப் பேரைச் சொல்லத் தோன்றவில்லை. கரகரவென்று, "பாதியா முழுசா?" என்றேன்.

"பாதிதான்" என்றார்.

இசக்கி முந்தானையால் கண்ணைத் துடைத்துவிட்டு, "வந்துட்டுதா குரலு? ரெண்டு நாளாவது வாயத் தொறக்காமக் கெடப்பியன்னு பாத்தேன்" என்றாள்.

அந்த ஒரு வாரம் எனக்கு நீளமாக இருந்தது. பாதி என்றால் நல்லது என்று அர்த்தமில்லை, தெரியவில்லை என்றுதான் அர்த்தம் என்பது எனக்குப் புரிந்திருந்தது. தினமும் காலையில் எழுந்ததும் "இசக்கி" என்று கூப்பிட்டுப் பார்ப்பேன். குரல் இருக்கிறதா என்று பார்க்கத்தான். அவளும் ஒவ்வொரு தடவையும் "இருக்கேன், இருக்கேன்" என்று பதில் சொன்னாள்.

முடிவைச் சொல்ல நீங்களே வந்தீர்கள். சுற்றி வளைக்கவில்லை. "புற்றுதான் அண்ணாச்சி" என்றீர்கள். இசக்கி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஆனா கட்டியச் சுத்தி இருக்க உறைக்குள்ளேயே அடங்கி இருந்திருக்கு. உறையில ஒரே ஒரு எடத்துல லேசா வெளிய எட்டிப் பாத்திருக்கு. ரத்தக்குழாய்க்குள்ள போகல. எடுத்ததே போதும். மறுபடி திறக்க வேண்டாம். ஆறு மாசத்துக்கு ஒரு தடவ வந்து காட்டிட்டுப் போங்க."

அப்படியானால் அது அன்றைக்கே ஏன் தெரியவில்லை என்று கேட்டேன். உங்களைக் குறை சொல்லிவிட்டேனோ என்று பிறகு வருத்தப்பட்டேன். நீங்கள் வருத்தப்படவில்லை. "தோட்டத்து வேலியில ஓட்டை இருக்கா இல்லையான்னு சொல்லணும்னா வேலியச் சுத்தி முழுக்க நடக்கணும்லா? அன்னைக்கு மூணு எடத்துலதான் நின்னு பாக்க முடிஞ்சுது. இந்த ஒரு வாரமா முழுக்க நடந்தேன்" என்றீர்கள். இன்றுவரை என் நோயைப் பற்றி எனக்கு முழுதாகப் புரிந்த விளக்கம் அது ஒன்றுதான்.

அன்றைக்கு நீங்கள் ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லியிருந்தால் நல்ல பாதியும் போயிருக்கும். அவ்வளவுதான். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கை கூப்பத் தோன்றுகிறது.

தையல் பிரித்த அன்று என்னை லேபுக்குக் கூட்டிக்கொண்டு போனீர்கள். குளிர்பெட்டியைத் திறந்து காட்டினீர்கள். உள்ளேயிருந்து வெள்ளைப் புகை எழுந்தது. சதையை எதற்காக உறைய வைக்க வேண்டும் என்று கேட்டேன். "நேந்திரங்காயச் சீவி சிப்ஸ் போடுதாங்கல்லா? பழுத்துக் குழைஞ்சுட்டா சீவ முடியுமா? அதான். கெட்டியா இருந்தாத்தான் மெல்லிசாச் சீவலாம்" என்றீர்கள். மைக்ராஸ்கோப்பில் என் சதையைப் பார்க்கச் சொன்னீர்கள். ஊதாவும் ரோஸுமாகச் சின்னச் சின்ன வட்டங்கள், திருவிழாக் கடையில் வளையல் அடுக்கிய மாதிரி. இவ்வளவு அழகாகவா இருக்கும் அந்தச் சனியன் என்றேன். மாரியப்பன் விழுந்து விழுந்து சிரித்தான்.

உங்கள் கழுத்தைப் பற்றியும் அன்றுதான் சொன்னேன். நாள் முழுக்கக் குனிந்து பார்த்துப் பார்த்துத் தோள் இறுகிவிட்டது, சாரல் சீசனில் குற்றாலத்துக்கு வாருங்கள், இசக்கி பார்த்துக்கொள்வாள் என்றேன். நீங்கள் வந்தீர்கள். பெண்கள் பக்கத்திலிருந்து உங்கள் அலறல் எனக்கு இந்தப் பக்கம் கேட்டது. "இது தோளா, தேக்குக் கட்டையா டாக்டரம்மா? பொறுத்துக்கிடுங்க, இன்னும் பாதிதான் ஆயிருக்கு" என்று இசக்கி சொன்னதும் கேட்டது. "பாதியோட நிறுத்திரு தாயி" என்று நீங்கள் கத்தியதும் கேட்டது. அதற்குப் பிறகு மூன்று சாரலுக்கு வந்தீர்கள். ஒவ்வொரு வருடமும் அதே அலறல்.

குரல் தப்பிவிட்டது என்று நான் சும்மா இருக்கவில்லை. ஒற்றைக் கதவை நம்பி இனி இருக்கக் கூடாது என்று தோன்றிவிட்டது. பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லித் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய் உட்கார்ந்தேன். பெஞ்சு சின்னது, முட்டி இடித்தது. ஒரு வருடத்தில் பஸ் போர்டு வாசித்தேன். அடுத்த வருடம் பேப்பர் வாசித்தேன். பிறகு பெருமையாக என் ரிப்போர்ட்டை எடுத்து விரித்தேன். முழுக்க இங்கிலீஷ்! ஒரு எழுத்துகூட நான் படித்த எழுத்து இல்லை. கோபத்தோடு பஸ் ஏறி உங்களிடம் வந்து சொன்னேன். கண்ணில் தண்ணீர் வர நீங்கள் சிரித்தீர்கள். பிறகு ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, பெரிய பெரிய எழுத்தாகத் தமிழில் எழுதி என்னிடமே நீட்டினீர்கள். "வாசிங்க."

லேப் வாசலில் ஆட்கள் காத்திருந்தார்கள். நான் விரலை வைத்து ஒவ்வோர் எழுத்தாக வாசித்தேன். 'கழுத்தின் இடது பக்கத்துக் கட்டி. புற்று. உறையை விட்டு அதிகம் வெளியே போகவில்லை. வலது பாதி நன்றாக இருக்கிறது. அன்று எனக்குத் தெரியவில்லை. இன்று தெரிகிறது.' எவ்வளவு நேரம் ஆனதோ தெரியாது. நீங்கள் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். ஓர் இடத்திலும் எடுத்துக் கொடுக்கவில்லை. நான் தடுமாறி நின்ற இடத்திலெல்லாம் நீங்களும் நின்றீர்கள். முடித்ததும், "ஒரு தப்பு இல்ல" என்றீர்கள்.

போன ஐப்பசியில் மாரியப்பன் போன் செய்தான். ராத்திரி தூங்கப் போன நீங்கள் காலையில் எழுந்திருக்கவில்லை என்றான். கடையத்துக்கு வந்தோம். இசக்கி கூட்டத்தில் நுழைந்து உங்கள் தோளைத் தொட்டுவிட்டு வந்தாள். "எளகிக் கெடக்கு" என்று மட்டும் சொன்னாள்.

உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். அதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். போன வாரம் ஆலங்குளத்திலிருந்து ஒரு வியாபாரி வந்தார். நல்ல கனத்த உடம்பு. கழுத்துக்கு எண்ணெய் போடும்போது விரலில் ஒன்று தட்டுப்பட்டது. காதுக்குக் கீழே, கெட்டியாக, உருளாமல் இருந்தது.

"அதக் கொஞ்சம் பலமா அமுக்கி விடுங்க அண்ணாச்சி. கொழுப்புக் கட்டிதானே?" என்றார்.

முன்பு இருந்த நான் என்றால், மூன்று நாள் வாருங்கள், கரைத்துவிடுகிறேன் என்றிருப்பேன். எத்தனை பேரிடம் அப்படிச் சொல்லியிருக்கிறேனோ. இப்போது கையை எடுத்துவிட்டேன். "இது என்னன்னு எனக்குத் தெரியல" என்றேன்.

"நாப்பது வருசமாத் தேய்க்கியன்னுதானே ஒங்ககிட்ட வந்தேன்? இது தெரியாதாக்கும்?"

"தெரியாதுங்க. இதுல நான் கை வைக்க மாட்டேன். தென்காசியில பாத்துச் சொல்ல ஆளு இருக்காங்க. எந்திரிங்க."

அவருக்கு முகம் சுண்டிவிட்டது. பாதி எண்ணெயோடு எழுந்து, அருவியில் தலையைக் காட்டிவிட்டு விறுவிறுவென்று நடந்தார். பக்கத்தில் தேய்த்துக்கொண்டிருந்த முருகையா, "வந்த ஆளத் தொரத்திட்டீரேவே" என்றான். நான் பின்னாலேயே பஸ் ஸ்டாண்டு வரை ஓடினேன். பஸ் நகர்ந்துவிட்டது. ஜன்னல் ஓரத்தில் அவர் தலை தெரிந்தது.

"அண்ணாச்சீ! பயப்படாதிய! இன்னைக்கே போய்க் காட்டிருங்க! அமுக்காதிய!"

மழைச் சத்தம், ஹாரன், வேர்க்கடலைக்காரன் கூப்பாடு எல்லாவற்றையும் தாண்டி அது அவரிடம் போய்ச் சேர்ந்தது. ஜன்னலிலிருந்து திரும்பிப் பார்த்தார். கையை மெதுவாகத் தூக்கித் தன் கழுத்தைத் தொட்டுக்கொண்டு, சரி என்பதுபோல் தலையை ஆட்டினார்.